மரத்துக்குப் பல் விளக்கிய கதை

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு.

என் அன்பு மகள் சிபானாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் காவலில் உன் உம்மா நடமாடித் திரிகிறேன். பிறஷர் குளிசை தவறுவதில்லை, சாப்பாடு இறங்குகிறது, முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடுகிறது. நீயும் மருமகனும் அந்தக் குளிர் நாட்டில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். தம்பி றிஷாட் வாப்பாவின் மோட்டர் கடையைக் குறையில்லாமல் நடத்துகிறான், வேளாண்மைக் காலம் வந்துவிட்டதால் தண்ணீர் மோட்டர்கள் வாசல்வரை வந்து கிடக்கின்றன, அவன் பெண்சாதிக்குக் காய்ச்சல் வந்து இப்போது சுகம். போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் இந்தக் கதையைத் தொடங்கினால் நீ பாதியில் அழத் தொடங்குகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றத் தொடங்குகிறேன், கதை அங்கேயே நின்றுபோகிறது. பக்கத்துத் தெரு ரீச்சர் மகனைப் பார்க்க லண்டன் போகிறார், கொச்சிக்காய்த் தூளோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். ஆற அமர இருந்து வாசி.

வாப்பா மௌத்தாகி நான் வெளியே இறங்காமல் இத்தாவில் இருந்த நேரம் உன் சரீபா மாமி உனக்குப் போன் எடுத்து, "உன்ட உம்மா மரத்துக்குப் பல்லு விளக்கிறா, எனக்கெண்டா பயமா இரிக்கி" என்று சொன்னது எனக்குத் தெரியும். நீ அன்றைக்கு றிஷாட்டை ஏசி, என்னை நல்ல டொக்டரிடம் காட்டச் சொல்லி, அடுத்த மாதமே உன்னோடு வந்து இருந்துவிடச் சொல்லி விசா அலுவலும் பார்க்கத் தொடங்கினாய். மையித்து முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்காத பிள்ளை, உம்மாவையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைத்ததில் பிழையில்லை. மாமியும் பொய் சொல்லவில்லை மகள். நான் மரத்துக்குப் பல் விளக்கினது உண்மைதான். ஆனால் எந்த மரம், என்ன நடந்தது என்று இன்றுவரை உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் முன்னறையில் ஒரு வங்கி மனேஜர் வாடகைக்கு இருந்தாரே, வெலிமடைப் பக்கத்துச் சிங்கள மனிதர், அவர் மாற்றலாகிப் போகும்போது மண்சட்டியில் ஒரு கன்றை விட்டுப் போனார். நாமெல்லாம் கிறிஸ்மஸ் மரம் என்று சொன்னோம், ஊரில் அதற்கு வேறு பேர் யாருக்கும் தெரியாது. பின்வளவில் உடுப்புக் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் அதை வைத்தது யார் என்றுகூட நினைவில்லை. நாம் ஒரு வாளி தண்ணீர் அதற்கென்று ஊற்றியதில்லை. அதுவாகவே சட்டியை உடைத்து நிலத்துக்குள் வேரை விட்டுக்கொண்டது. எரிந்துபோன மோட்டர் கொயில்களைக் கொளுத்தி வாப்பா செம்பு எடுப்பாரே, அந்த நெருப்பை மூட்டுவதும் அதற்குப் பக்கத்தில்தான், உதவாத மோட்டர்களைச் சாய்த்து வைப்பதும் அதன் மேல்தான். ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பாரத்தில் முறுகி, என் இடுப்புக்கு மேல் அது உயரவேயில்லை. அந்த இடத்தில் கடைச் சாமான் வைக்க ஒரு அறை கட்ட வேண்டும், இதைத் தோண்டிப் போட வேண்டும் என்று றிஷாட் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் ஓம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

இத்தாவில் இருக்கும்போது காரைதீவிலிருந்து கஜேந்தினி என்றொரு பிள்ளை துக்கம் கேட்க வந்தாள். விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர், அவர்களுடைய வயல் மோட்டரை எப்போதும் வாப்பாதான் செய்து கொடுப்பார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கை கழுவப் பின்னால் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் நல்ல சாரி உடுத்த பிள்ளை அந்தக் கானடியில் குந்திக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். இதை யார் வளர்க்கிறது என்று கேட்டாள். ஒருவரும் வளர்க்கவில்லை, அது கிடக்கிறது என்றேன். இது ஜூனிப்பர், மலைநாட்டு மரம், கண்டியில் இருந்த காலத்தில் இந்தச் சாதி மரங்களைச் சட்டியில் குட்டையாக, பொன்சாயாக வளர்க்கப் பழகினேன், இந்தக் கடற்கரை வெக்கையில் இப்படி ஒன்று நிற்குமென்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன் என்றாள். செத்த மரம்தானே என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்து மரத்தில் வைத்தாள். கருகிய பக்கம் கல்லுப் போல இருந்தது. பிறகு விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள், அங்கே பட்டை மெதுவாகப் புடைத்துக்கொண்டு இருந்தது, வேரடியிலிருந்து மரத்தைச் சுற்றி முறுகி முறுகி மேலே போய், பச்சை இருந்த அந்த ஒற்றைக் கொப்பில் முடிந்தது.

"சாகல்ல அன்ரி," என்றாள். "இந்த ரெண்டு விரல் அகலத்திலதான் முழு உசிரும் மேல போகுது. மத்ததெல்லாம் செத்து எத்தினையோ வருசம்."

பழைய பல் பிறஷ் ஒன்று தாருங்கள் என்று கேட்டு வாங்கி, உயிருள்ள பட்டையின் மேல் ஒட்டியிருந்த செதிலையும் கரியையும் மெதுவாகத் துலக்கிக் காட்டினாள். உள்ளே சிவப்பு மகள். சாயம் போட்ட நூல் மாதிரி ஒரு சிவப்பு. அதற்குப் பக்கத்தில் கரியைத் துடைத்த இடத்தில் செத்த மரம் வெள்ளிபோல வெளுத்து வந்தது. பென்சில் சீவும்போது வருகிற மணம் வளவெல்லாம் பரவியது. ஸுப்ஹானல்லாஹ் என்று என்னை அறியாமல் வாய் சொன்னது. இத்தனை வருஷம் நான் உடுப்புக் காயப்போட்ட இடம் அது, இத்தனை வருஷமும் அந்தச் சிவப்பு அங்கேயே ஏறிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் போன பிறகும் என்னால் அந்தப் பிறஷைக் கீழே வைக்க முடியவில்லை. ஓதுகிற நேரம் ஓதுவேன், வருகிற பெண்களோடு கதைப்பேன், மற்ற நேரம் மரத்தடியில்தான். உனக்குத் தெரியும், வாப்பா கடையில் இருந்து திருத்திக் கட்டிய மோட்டர்களுக்கு வீட்டில் இருந்து கொயில் சுற்றிக் கொடுத்தது இந்தக் கைதான். அவர் போன பிறகு இந்தக் கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. சரீபா மாமி வந்து கண்டது அதைத்தான்.

கஜேந்தினி மாதம் ஒருமுறையாவது வருவாள். அவள் சொல்லித் தந்தது பெரும்பாலும் என்ன செய்யக்கூடாது என்பதுதான். பச்சையைக் கண்டபாட்டுக்கு வெட்டக்கூடாது, இந்த மரத்தின் பலம் இலையில் இருக்கிறது, பச்சை இல்லாத இடத்தில் வெட்டினால் அந்தக் கொப்பு திரும்பத் துளிர்க்காது. ஒரு பருவத்தில் ஒரு வேலைதான், வெட்டினால் வேரைத் தொடக்கூடாது, வேரைத் தொட்டால் வளைக்கக்கூடாது. முதலில் அதன் மேல் சாய்த்திருந்த இரும்புகளை அகற்றினோம், நெருப்பு மூட்டுகிற இடத்தை மாற்றினோம், சவர்க்காரத் தண்ணீர் போகாமல் கானைத் திருப்பினோம். அவ்வளவுதான், மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்த ஒற்றைக் கொப்பில் பச்சை அடர்ந்து வந்தது. அடுத்த வருஷம் பக்குவமாகக் கிளப்பிச் சட்டியில் வைக்கலாம் என்று சொல்லி ஒரு பக்கம் மண்ணில் கிடங்கு வெட்டி நீள வேர்களை அறுத்துவிட்டாள், அடியில் சின்ன வேர்கள் விடுமாம். றிஷாட் என்னோடு சண்டை பிடிக்கவில்லை, ஆனால் கல்லும் மண்ணும் இறக்கி வைத்துவிட்டு, உம்மாவின் மரம் எப்போது எழும்பும் என்று ஒவ்வொரு நாளும் கேட்பான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார்த்திகை மழை வந்தது. நீயும் செய்தியில் பார்த்துத் துடித்தாய். எத்தனை வீட்டில் இழவு விழுந்த மழை அது, அந்த நேரத்தில் ஒரு மரத்துக்காகக் கவலைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ், பின்வளவில் முழங்காலுக்கு நின்றது. வெட்டிவைத்த கிடங்கு நிறைந்து மரம் குளத்துக்குள் நிற்கிற மாதிரி நின்றது. இந்தச் சாதிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகிப்போகும் என்று கஜேந்தினி சொல்லியிருந்தாள். கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை, அவளிடம் கேட்கவும் வழியில்லை. பருவம் தப்பிக் கிளப்பினாலும் சாகும், விட்டுவைத்தாலும் சாகும். பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், தண்ணீர் இறங்குகிற அசுமாத்தமே இல்லை. கடைசியில் றிஷாட்டைக் கூப்பிட்டு, இதைக் கிளப்ப வேண்டும் மகன் என்றேன். போகட்டும் என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் மரத்தைச் சுற்றி நடந்து பார்த்தான். "கயிறு போட்டு இழுத்தா வேர் அறுந்துடும் உம்மா. மோட்டர் தூக்கிற மாதிரி நேரா மேல தூக்கோணும்" என்று சொல்லிவிட்டு, அந்த மழையில் தண்ணீருக்குள் நடந்து கடைக்குப் போனான்.

மூன்று இரும்புக் குழாயும் செயின் புளொக்கும் கொண்டுவந்து மரத்துக்கு மேல் முக்காலி போல நட்டான். பாரமான மோட்டர்களைத் தூக்குகிற அந்தச் சங்கிலிதான். என் பழைய படுக்கை விரிப்பை மடித்து மரத்தின் செத்த பக்கத்தில் சுற்றி, உயிருள்ள பட்டையில் படாமல் தூக்குகிற பட்டியைக் கட்டினான். நான் தண்ணீருக்குள் கைவிட்டு உயிர்ப்பட்டை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தடவிச் சொல்லச் சொல்ல, மற்றப் பக்கத்து வேர்களை இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தான். பிறகு சங்கிலியைக் கொஞ்சம் இழுப்பதும் நிற்பதும் இழுப்பதும் நிற்பதுமாக இருந்தான். சேறு பெரிய வாய் திறந்த மாதிரிச் சத்தம் போட்டது, மரம் எழும்பியது. வேரோடு ஒட்டிய மண்கட்டி முழுவதும் தண்ணீருக்கு மேல் வந்து தொங்கியது.

மகள், நான் அதற்குப் பிறகு கண்டதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, அந்த மழையே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவத் தொடங்கியது. நாங்கள் கை வைக்கவில்லை. கறுத்து அழுகிய வேர்கள் தாமாகவே கழன்று தண்ணீரில் விழுந்தன. எல்லாம் விழுந்து முடிய நடுவில் என் மணிக்கட்டுத் தடிப்பில் ஒரே ஒரு வேர் நின்றது, அந்த மனேஜர் விட்டுப் போன சட்டியின் அடித்துளைக்குள்ளால் அது போயிருந்தது, உடைந்த அடித்துண்டு காப்பு மாட்டின மாதிரி அதைச் சுற்றி இறுகிக் கிடந்தது. காப்புக்குக் கீழே அந்த வேர் விரிந்து, கிடங்கு வெட்டிய பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போலச் சின்ன வேர்கள். மேலே பார்த்தேன், அந்தச் சிவப்புப் பட்டை முறுகி இறங்கி நேரே அந்த வேரில்தான் சேர்ந்தது. ஒரு துளை, ஒரு வேர், இரண்டு விரல் பட்டை, ஒரு கொப்பு. இவ்வளவும் நமக்குத் தெரியாமல் நம் கானடியில் நடந்துகொண்டிருந்தது. றிஷாட் சங்கிலியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். "இந்த ஒரு வேரிலயா உம்மா இவ்வளவு காலமும்" என்று மெதுவாகக் கேட்டான். என் வாய் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும் திக்ரை ஓதிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது, அவன் பெண்சாதி வந்து கூப்பிட்ட பிறகுதான் குளிர் தெரிந்தது.

அந்தச் சட்டித் துண்டை அவனே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வேரில் படாமல் உடைத்தெடுத்தான். கடையில் மிஞ்சிக் கிடந்த பலகையில் ஒரு பெட்டி அடித்தோம், அடியில் துளை போட்டு, உடைத்துச் சலித்த ஓட்டுத்துண்டும் பருமணலும் நிரப்பி மரத்தை வைத்து, ஆடாமல் கம்பியால் பெட்டியோடு கட்டி மாமரத்து நிழலில் வைத்தோம். பாதை திறந்ததும் கஜேந்தினி ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, கொப்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். "இது செத்தாலும் கொஞ்ச நாளைக்குப் பச்சையாத்தான் நிக்கும் அன்ரி. பச்சையப் பாத்து நம்பவும் ஏலாது." அப்படியென்றால் எப்போது தெரியும் என்று கேட்டேன், துளிர்த்தால் தெரியும் என்றாள். அந்த மாதங்கள் மகள், காலையும் மாலையும் இலைக்குத் தண்ணீர் தூவுவேன், உயிருக்குத் தூவுகிறேனா மையித்துக்குத் தூவுகிறேனா என்று எனக்கே தெரியாது. இலை மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆனது. சரீபா மாமி வந்து பார்த்துவிட்டு, போனதைப் போகவிடு மச்சி என்றாள், கோபமாக இல்லை, இரக்கமாகத்தான் சொன்னாள். றிஷாட் அறைக்கு இறக்கிய கல்லைத் தொடவேயில்லை. நோன்பு முதல் கிழமை, சுபஹ் தொழுதுவிட்டு வெளிச்சம் வந்ததும் போனேன். கொப்பின் நுனிகளில் புதுப் பச்சை, பழைய இலை மாதிரி மிருதுவாக இல்லை, ஊசி ஊசியாகக் குத்துகிற பச்சை. பயந்துபோய்ப் படம் எடுத்துக் கஜேந்தினிக்கு அனுப்பினேன். கஷ்டப்பட்ட ஜூனிப்பர் குழந்தைப் பருவத்து இலையைத்தான் முதலில் விடும், இது பிழைத்துவிட்டது என்று பதில் வந்தது. நான் அந்த இடத்திலேயே ஸுஜூதில் விழுந்தேன். யாராவது பார்த்திருந்தால் மரத்தைக் கும்பிடுகிறேன் என்று அதற்கும் உனக்குப் போன் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவள் ஒன்றும் செய்ய விடவில்லை. போன மாதம்தான் அந்தக் கொப்பைக் கீழே இறக்கி வளைக்கலாம் என்று வந்தாள். அலுமினியக் கம்பி கொண்டுவந்திருந்தாள், நான் கடையிலிருந்து வாப்பா கொளுத்தி எடுத்த செம்புக் கம்பியில் தடிப்பானதைத் தெரிவு செய்து வைத்திருந்தேன். நெருப்பில் போன செம்பு மெழுகு போல வளையும், வளைந்த பிறகு இறுகி நிற்கும், அது எனக்குத் தெரிந்த வேலைதானே. நீங்களே சுற்றுங்கள் அன்ரி என்று என்னிடம் விட்டுவிட்டாள். வாழ்நாளெல்லாம் இரும்புக்குச் சுற்றிய கை, முதல் தடவையாக உயிருள்ள ஒன்றுக்குச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே அது துடிக்கிற மாதிரி இருந்தது, என் விரல்தான் துடித்திருக்கும். ஈரத்துணி சுற்றி இரண்டு பேரும் பிடித்து மெல்ல இறக்கினோம், டக் என்று ஒரு சத்தம். "விடாதீங்க அன்ரி, அப்படியே பிடிச்சிக்கொண்டு இரிங்க" என்றாள். விடவில்லை. அவள் குனிந்து, வெடிப்பு கொப்பின் மேல்பக்கத்தில்தான், உயிர்ப்பட்டை கீழே முழுசாக இருக்கிறது என்று சொல்லும்வரை பிடித்தபடியே இருந்தேன். மெழுகு பூசிக் கட்டினோம். இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன், அந்தக் கொப்பின் நுனியெல்லாம் துளிர்.

இப்போது அது எப்படி இருக்கிறது தெரியுமா. பாயை விரித்துக் கீழே இருந்து பார்த்தால் இடுப்பளவு மரம் என்று தெரியவில்லை. பெரிய மலையின் ஓரத்தில் காற்றெல்லாம் அடித்து அடித்து, பாதி எலும்பும் பாதிச் சதையுமாக ஒரு கிழட்டு மரம் நிற்கிற மாதிரி இருக்கிறது. நான் அப்படி ஒரு மலையைக் கண்டதில்லை, ஆனாலும் பார்த்ததும் தெரிகிறது. போன கிழமை சரீபா மாமி வந்து வெகுநேரம் பக்கத்தில் இருந்தாள். இந்த வேலை எப்போது முடியும் என்று கேட்டாள். முடியாதாம் மச்சி, ஒருவர் செய்து விட்டுப்போக இன்னொருவர் செய்வாராம், நூற்றுக்கணக்கான வருஷம் அப்படிக் கைமாறி வந்த மரங்கள் யப்பானில் இருக்கின்றனவாம் என்று கஜேந்தினி சொன்னதைச் சொன்னேன். அவள் போகும்போது அந்தச் சிவப்புப் பட்டையில் ஒரு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிப் போனாள்.

விசா கிடைத்துவிட்டது, உம்மா இனி எங்களோடுதான் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். வருகிறேன் மகள், உன்னைக் கட்டிப்பிடித்து அழ எனக்கும் ஒரு அழுகை பாக்கி இருக்கிறது, வாப்பாவுக்காக நாம் இரண்டு பேரும் ஒன்றாக இன்னும் அழவில்லை. ஆனால் திரும்பி வருகிற ரிக்கட்டையும் சேர்த்தே போடு. அடுத்த நோன்பு மட்டில் கொப்பு பருத்துக் கம்பி பட்டைக்குள் இறங்கத் தொடங்கும், அதற்கு முன்னால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுக்க வேண்டும், இழுத்துக் கழற்றினால் பட்டை உரிந்து வந்துவிடும். தண்ணீர் ஊற்றுவதை றிஷாட் பார்த்துக்கொள்வான், மரத்துக்கு வெயில் மறைக்காமல் அறையையும் மதிலோரத்துக்கு மாற்றிவிட்டான். கம்பி வெட்டுவதை மட்டும் நான் ஒருவரிடமும் விடமாட்டேன். உன் உம்மாவுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, கோபிக்காதே.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, போன ரமழானில் விட்ட நோன்புகளைக் குளிர்காலத்தில் பகல் குறுகும்போது பிடித்துவிடு. மருமகனுக்கு என் ஸலாம் சொல். போகிற இடமெல்லாம் அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பாதையை இலேசாக்கி, உங்கள் கைகளில் பறக்கத்தையும் உங்கள் வீட்டில் நிம்மதியையும் தருவானாக, ஆமீன்.

உன் முகம் காணக் காத்திருக்கும் உம்மா,
நஸீறா